பதினேழாவது கட்டம்

ஈரக்கொம்பையில் வருஷத்துக்கு ஏழு மாதம் மழை பெய்யும். மிச்ச ஐந்து மாதமும் பெய்வோமா வேண்டாமா என்று மலைமேலேயே நின்று யோசித்துக்கொண்டிருக்கும். அங்கே கொழுந்து கிள்ளிப் பிழைக்க வந்த சனங்கள் நகைநட்டு இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுத்தாலும் கொடுப்பார்களே தவிர, ஒட்டுப்போர்வை இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். நைந்த சேலை, கிழிந்த வேட்டி, பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன பள்ளிக்கூடச் சட்டை, செத்தவர் விட்டுப்போன துண்டு என்று எதுவும் அந்த ஊரில் குப்பைக்குப் போகாது. கட்டம் கட்டமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பழஞ்சேலையை மூன்று மடிப்பாக வைத்து, அடித்துணி கொடுத்து, ஓட்டுத்தையல் போட்டு, ஓரத்துக்குப் பட்டி அடித்து, தலையோடு இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியதுதான். ஒருகாலத்தில் இரண்டு ஓரகத்திகள் யார் போர்வை உசத்தி என்று பேச்சை வளர்த்து, ஒருத்தியின் காதை இன்னொருத்தி கடித்துத் துப்பிவிட்டதால், இனிமேல் இதற்கென்று ஆள் வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்று ஊர் முடிவு செய்தது. அன்றிலிருந்து ஆடி மாதம் சமுதாயக் கூடத்தில் போர்வைக் காட்சி நடக்கிறது. மூன்று நடுவர்கள், மூன்று பென்சில்கள்.

அந்த மூவரில் ஒருத்தி மைமூன். பஸ் நிறுத்தத்தில் தையல் கடை வைத்திருப்பவள், முப்பத்தெட்டு வயசு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவளின் ரவிக்கையில் தையல் கோணியிருந்தால் இந்தப் பக்கம் அவளுக்கு டீ இறங்காது. இன்னொருவர் கம்பவுண்டர் திரவியம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாகக் கத்திவெட்டும் கவாத்துவெட்டும் தைத்துத் தைத்துப் பழகியவர் என்பதால், எந்தத் துணியைப் பார்த்தாலும் முதலில் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார். மூன்றாம் நடுவராக இருந்த அம்மாள் மகனோடு திருப்பூருக்குக் குடிபோய்விட, இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த வருஷம் பவுன்தாயைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு நாற்பத்தாறு வயசு. போன ஆடியில் முதல் பரிசு வாங்கிய போர்வை முன்னால் ஊரே வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, "மூணாவது வரிசையில ஒரு கட்டம் தலைகீழா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டுக்குப் போனவள் அவள்தான். நடுவர்கள் கண்ணிலும் அது படவில்லை. மைமூன் அதற்காக ஒரு வாரம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம் முழுக்கப் பயிற்சி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நூல் மாட்டும் என்பதால் மோதிரம் வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பவுன்தாய்க்குக் கழற்ற வளையல் கிடையாது. அதன்பிறகு மேசையில் விரித்த போர்வையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"கட்டமெல்லாம் நேரா இருக்கு, ஆனா ஓரம் இழுத்துருக்கு."

மைமூன் பென்சிலால் மேசையைத் தட்டுவாள். "பவுனக்கா, அந்த ஆனாவை வாசல்லயே விட்டுட்டு வாங்க."

"அது பாட்டுக்கு வருதே மைமூனு."

"ஆனா போட்டீகன்னா முன்னாடி சொன்னது செத்துரும்க்கா. தச்சவ காதுல ஓரம் இழுத்துருக்குங்கறது மட்டுந்தான் விழும். நல்லதைச் சொல்லுங்க. நிறுத்துங்க. மூச்சு விடுங்க. பெறகு குத்தத்தைச் சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுல முடிச்சுப் போடாதீங்க."

நடுவர் மேசையில் 'ஆனால்' என்ற சொல்லுக்கு இடமில்லை. வாயில் புகுந்த பேயை ஓட்டுகிற மாதிரி பவுன்தாய் அதை ஓட்டப் பார்த்தாள். இருபது நாள் ஆயிற்று. பிறகு பின்பக்கம் பார்க்கப் பழகினாள். திரவியம் ஒரு போர்வையைப் புரட்டிப்போட்டு, நூல் முடிகிற இடங்களை விரலால் தடவிக் காட்டுவார்.

"தையலை மாத்திக்கலாம் தாயி. வலக்கைக்காரி இடக்கையாலகூடத் தச்சுப்புடுவா. முடிச்ச மட்டும் மாத்த முடியாது. யோசிக்காமப் போடுறதுல்ல அது. உன் முடிச்சுல நூலு மூணு சுத்து வருது பாரு. உனக்கே தெரியாது."

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லைதான். கடைசி நாளில் இரண்டு பேரும் சேர்ந்து மிச்சமிருந்த சட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். போர்வைக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. யார் தைத்தது என்று கை தெரிந்துவிட்டால் நடுவர் வாயைத் திறக்கக் கூடாது. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப்போய் நிற்க வேண்டும். மூன்று பென்சிலும் கீழே வந்துவிட்டால் அந்தப் போர்வைக்குத் தீர்ப்பு இல்லை. கொண்டுவந்தவரிடமே அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் மண் இறங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும். ஈரக்கொம்பையில் எந்தக் கதையும் அதில் கால் வைக்காமல் அந்தப் பக்கம் போகாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசியில், ஒன்பது நாள் விடாமல் பெய்த மழையில், ஏழாம் லயத்துக்கு மேலிருந்த மலை அப்படியே பெயர்ந்து இறங்கி, வரிசை வீடுகளையும் அதிலிருந்த சனங்களையும் மூடிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்துகொண்டது. தோண்டித் தோண்டிப் பார்த்தும் பதினேழு பேர் கிடைக்கவில்லை. அந்தப் பதினேழு பேரையும் கல்லில் வெட்டிச் சரிவின் ஓரத்தில் நட்டார்கள். பதினேழாவது பெயர் பவுன்தாயின் புருஷன் ஒச்சப்பன். அவர்கள் வீடு மூன்றாம் லயத்தில். அன்றைக்கு இருட்டும் நேரத்தில், ஏழாம் லயத்தில் சீட்டாடிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவன் அவன்.

சொல்லிப் போனான் என்பதில் பொய் இல்லை. கொட்டுகிற மழையில் சீட்டாடப் போகிறவன், கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கிற ஊதா நிற முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனதுதான் இடித்தது. தாசில்தார் ஆபீஸ்காரர்கள் காகிதத்தோடு வந்து, கடைசியாக என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டபோது, பவுன்தாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கட்டம் போட்ட பழைய சட்டை" என்றாள். அந்தக் கட்டம் போட்ட பழைய சட்டை அப்போது வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் போனதும் அதை எடுத்து அடுப்பில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளிடம் பதில் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. மண் கொண்டுபோன புருஷனுக்கு அழலாம், ஊர் சேர்ந்து அழும். விட்டுவிட்டுப் போன புருஷனுக்கு அழுதால் ஊர் சன்னலைச் சாத்திக்கொண்டு சிரிக்கும். அவன் ஏழாம் லயத்துக்குத்தான் போனான் என்று அவளும் பாதி நம்பினாள். மீதிப் பாதியை அடுப்பு தின்றது.

மண் கொண்டுபோன பதினேழு பேரின் குடும்பங்களை ஊரில் மண்வீட்டார் என்பார்கள். மாதம் ஒருமுறை சரிவுக்குக் கீழே கூடிப் பொங்கி வைத்து, செத்தவர்கள் செய்த சேட்டைகளைப் பேசிச் சிரித்து, சிரிப்பு முற்றி அழுது, அழுது முடிந்ததும் ஒருவர் மடியில் ஒருவர் தலைவைத்துப் படுத்துவிட்டு எழுந்து வருவார்கள். பள்ளிக்கூடம் படித்த மகளைப் பறிகொடுத்த தெரசம்மாள் மூன்று வருஷமாகப் பவுன்தாயின் மடியில்தான் தலைவைத்துப் படுத்தாள். கல்யாணம் கட்டி வந்து இருபது வருஷத்தில் பவுன்தாய்க்குக் கிடைக்காத சொந்தபந்தம், ஒச்சப்பன் பெயர் கல்லில் ஏறியபிறகுதான் கிடைத்தது.

ஆடி முதல் தேதி காலையில் சமுதாயக் கூடத்தில் போர்வைகளைப் பதிந்தபோது, யாரும் கொண்டுவராத ஒரு போர்வை தேயிலைச் சாக்கில் சுற்றி மேசைமேல் இருந்தது. பிரித்துப் பார்த்தால் வெறும் அடித்துணி. அதன் மூலையில் ஒரே ஒரு கட்டம். சொதசொதவென்று ஈரம், புதுமண் வாசனை. ஊராட்சி எழுத்தர் அதற்கு இருபத்து மூன்று என்று எண் கொடுத்து, 'கட்டம் ஒன்று, ஈரம்' என்று எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் கட்டம் இரண்டாக இருந்தது. அவர் ஒன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். மூன்றாம் நாள் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலால் எழுத ஆரம்பித்தார்.

முதல் கட்டம் கருநீலம், பள்ளிக்கூடப் பாவாடையின் பை வைத்த பக்கம், பையின் ஓரத்தில் மைக்கறை. தெரசம்மாள் கூடத்துக்குள் வந்தாள். பைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு புளியமுத்து இருந்தது. இரண்டாவது, காவல்காரர் பரமனின் காக்கி. மூன்றாவது, அவர் பெண்சாதி கட்டியிருந்த மெல்லிசான வாயில் சேலை. நான்காவது, வடிவேல் மேஸ்திரி மகன் கீழே டவுனில் வாங்கி ஒரே ஒரு நாள் போட்ட பனியன். மண்ணின் நிறத்தில் நூல், இடதுபக்கம் சாய்ந்த தையல், எல்லாம் ஒரே கை. யார் கை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பது ஒன்று. தெரிந்துவிட்டால் நடுவர்கள் பென்சிலை வைத்துவிடுவார்களே என்பது இன்னொன்று.

ஊர் எதற்கும் பழகிவிடும். இதற்கு நாலே நாளில் பழகிற்று. விடிந்ததும் சனங்கள் பல் விளக்குவதற்கு முன்பாகவே, "இன்னிக்கி யாரு வந்துருக்கா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள், முதல் பஸ்ஸில் யார் இறங்கினார்கள் என்று கேட்கிற அதே குரலில். வந்தவரின் வீட்டில் அன்றைக்கு அவருக்குப் பிடித்ததைச் சமைத்தார்கள். டீக்கடைக்காரர் அந்த வீட்டாருக்கு மட்டும் காலை டீயை ஓசியில் கொடுத்தார். தொடுகிறவர்கள் கையைக் கழுவி வளையலைக் கழற்ற வேண்டும் என்ற நடுவர் சட்டம் அழ வருகிறவர்களுக்கும் பொருந்தும் என்று மைமூன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு நிறைய வளையல் கிடந்தது. ஈரத்துணியைத் துவைத்துக் காயப்போடலாமா என்று பூசாரியையும் பாஸ்டரையும் பள்ளிவாசல் இமாமையும் தனித்தனியாகப் போய்க் கேட்டதற்கு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: வேண்டாம். பத்தாவது நாளுக்கு மேல் சண்டையும் வந்தது. ரேஷன் கடை வரிசையில் முந்தியவர்களைப் பார்ப்பது மாதிரி, வந்துவிட்டவர்களின் வீட்டாரை வராதவர்களின் வீட்டார் பார்த்தார்கள். "எங்காளு செத்த பிறகும் சோம்பேறியாத்தான் இருக்காரு" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளே அவர் வந்துவிட்டார்.

மூன்று நாளில் முடிய வேண்டிய காட்சி இழுத்துக்கொண்டு போயிற்று. மற்றப் போர்வைகளில் பூஞ்சணம் பிடிக்காமல் தினமும் ஒருமுறை பிரித்து, வேறு மடிப்பில் மடித்துவைப்பது புது நடுவரின் வேலை. கூடத்துச் சாவி பவுன்தாயிடம்தான் இருந்தது. ஒவ்வொரு காலையும் கதவைத் திறக்கிற முதல் ஆள் அவள். ஒவ்வொரு காலையும் அவள் பயந்தது ஒன்றுக்கு அல்ல, இரண்டுக்கு. ஊதா நிறக் கட்டம் வந்தால் ஒச்சப்பன் செத்துவிட்டான், அவள் சொன்னது பொய். ஒன்றுமே வராவிட்டால் ஒச்சப்பன் இருக்கிறான், அவள் வாழ்ந்ததே பொய்.

பதினாறாவது நாள் ஒரு கைக்குழந்தையின் துண்டுத்துணி வந்தது. பதினேழாவது நாள் ஒன்றும் வரவில்லை. பதினெட்டாவது நாளும் வரவில்லை. நாலு வரிசை, வரிசைக்கு நாலு கட்டம், சுற்றிலும் ஓரப்பட்டிகூட வந்துவிட்டது. பட்டி அடித்தால் போர்வை முடிந்தது என்று அர்த்தம். ஊர்ச்சனம் பதினேழு என்ற எண்ணையே நினைத்துக்கொண்டிருந்ததால் பட்டியைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் மூன்று பேர். தீர்ப்பு நாளுக்கு முன் நடுவர் பேசக்கூடாது என்பதால் மைமூனும் திரவியமும் பேசவில்லை. பவுன்தாய் பேசாததற்குக் காரணம் வேறு.

ஊர் அவளுக்காகக் காத்திருந்தது. அதுதான் பெரிய கொடுமை. மற்ற மண்வீட்டார் எல்லோரும் தங்களுக்குக் கிடைத்துவிட்டதே என்ற கூச்சத்தில் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "வந்துருவாருக்கா, அவரு எப்பவும் நிதானந்தான" என்று தெரசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒச்சப்பனின் தாய் சீனியம்மாள், எழுபது வயசுக்காரி, காலையில் வந்து இருபத்து மூன்றாம் எண் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் கதவைச் சாத்தும்வரை எழுந்திருப்பதில்லை. முதலில் சோற்றை விட்டாள், பிறகு கஞ்சியை விட்டாள். ஆவணி பிறந்து பத்து நாளானபோது வெந்நீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாய் சாப்பிடுங்க அத்தை."

"அவன் மண்ணுக்குள்ள பட்டினியா கெடக்கான். எனக்கு என்னத்துக்கு சோறு?" என்றாள் கிழவி. "கட்டம் போட்ட சட்டைதானடி போட்டுருந்தான்? நீ நல்லாப் பாத்தியா?"

"ஆமா அத்தை."

திரவியம் கிழவியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பவுன்தாயைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு வாரந்தான் தாங்கும் தாயி" என்றார்.

மறுநாள் பவுன்தாய் முதல் பஸ்ஸில் கீழே டவுனுக்குப் போனாள். நாலு ஜவுளிக்கடை ஏறி இறங்கி, பச்சையும் பழுப்புமாகக் கட்டம் போட்ட சட்டைத்துணி ஒரு மீட்டர் வாங்கிவந்தாள். டீத்தூள் சக்கையில் போட்டுக் கொதிக்கவைத்து, கல்லில் தேய்த்து, சரிவிலிருந்து அள்ளிவந்த மண்ணில் பிசைந்து எடுத்ததும், புதுத்துணி மூன்று வருஷம் புதைந்து கிடந்த துணி ஆனது. மதியச் சங்கு ஊதிச் சனமெல்லாம் சாப்பிடப் போன நேரத்தில், சீனியம்மாளை வெந்நீர் குடிக்க எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூடத்தின் கதவை உள்ளே சாத்திக்கொண்டாள். பதினாறு கட்டமும் சதுரமாக நிறைந்திருந்ததால் பதினேழாவதுக்கு உள்ளே இடமில்லை. ஒரு மூலையில் ஓரப்பட்டியைப் பிரித்து, அங்கே வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி ஒட்டினாள். ஊசியை இடதுகையில் பிடித்து இடதுபக்கம் சாய்த்துத் தைத்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையும் கையில் இருந்தது. இவ்வளவு நேர்த்தியாக அவள் எதையுமே தைத்தது கிடையாது.

சீனியம்மாள் திரும்பி வந்தவள் நின்றாள். பிறகு பக்கத்தில் போய், மண்டியிட்டு, அந்தக் கட்டத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"எம்புள்ள வாசம் அடிக்குதுடி பவுனு."

டீத்தூள் வாசம் அது. அன்றைக்குச் சாயங்காலம் கிழவி இரண்டு கரண்டி சோறு சாப்பிட்டாள். ஊரே வந்து அதை வேடிக்கை பார்த்தது. தெரசம்மாள் பவுன்தாயைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் வந்துவிட்டார்கள், எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அழுதாள். மறுநாள் தீர்ப்பு என்று எழுத்தர் தண்டோரா போடச் சொன்னார்.

தீர்ப்பு நாளில் கூடம் கொள்ளாமல் சனம். மற்ற இருபத்திரண்டு போர்வைகளை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் இருபத்து மூன்றாம் எண்ணை மேசையில் விரித்ததும் இருமல்கூட நின்றுபோயிற்று. மண்வீட்டார் முன்வரிசையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சீனியம்மாள், குளித்துத் தலைவாரி வந்திருந்தாள்.

திரவியம் வழக்கம்போலப் போர்வையைப் புரட்டினார். வரிசை வரிசையாக விரலால் தடவிக்கொண்டே வந்தவர், மூலையில் துருத்தி நின்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டு, நாலடி தள்ளிப்போய் நின்றார்.

கூட்டத்தில் சலசலப்பு. மைமூன் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து பவுன்தாயைப் பார்த்தாள்; அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவளும் பென்சிலை வைத்துவிட்டுப் போய்த் திரவியத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று எழுத்தர் கேட்டார்.

"கை தெரியுது" என்றாள் மைமூன். அதற்குமேல் அவள் சொல்ல மாட்டாள், சட்டம் அவ்வளவுதான்.

யாரு, யாரு கை, என்று கூடம் முழுக்க ஒரே கேள்வி. மேசையில் பவுன்தாய் மட்டும் நின்றாள். தன் கை தனக்குத் தெரியும் என்பதால் அவளும் பென்சிலை வைக்க வேண்டியவள். மூன்றாவது பென்சிலும் இறங்கிவிட்டால் போர்வையைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் கொண்டுவந்தது என்பதில் ஈரக்கொம்பையில் யாருக்கும் சந்தேகமில்லை. சரிவின்மேல் கொண்டுபோய் விரித்துவிட்டு வந்தால் ஒரே மழையில் மண் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், பையில் புளியமுத்தோடு. பென்சிலை வைக்காமல் நன்று என்று எழுதிவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. சீனியம்மாள் சாகும்வரை டீத்தூள் சக்கையில் கொதித்த துணியில் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். மண்ணுக்கடியில் கிடந்த பதினாறு பேர் உடம்பிலிருந்த துணியைக் கிழித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அவர்களோடு ஜவுளிக்கடைத் துணியைக் கொண்டுபோய் உட்காரவைத்த தன் கையை நினைத்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

அவள் போர்வையை முன்பக்கம் திருப்பினாள்.

"பதினாறு கட்டமும் சதுரம் பிசகாம இருக்கு. தையல் ஒரே சீரா இருக்கு. மூலை நாலும் மூலையா இருக்கு." நிறுத்தினாள். மூச்சு விட்டாள். "பதினேழாவது கட்டத்துலயும் தையல் நேரா இருக்கு."

மறுபடியும் நிறுத்தினாள். அந்த மூச்சு முடிவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"அதத் தச்சது நான்."

மேசையிலிருந்த கத்தரியை எடுத்து, மூலைத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். யாரும் தடுக்கவில்லை. துருத்தி நின்ற கட்டம் தனியாகக் கையோடு வந்தது. பிரித்துவைத்திருந்த ஓரப்பட்டியைப் பழைய இடத்தில் படியவைத்தாள். போர்வை நாலுக்கு நாலாக, எந்தக் குறையும் இல்லாமல் மேசையில் கிடந்தது. அதில் இப்போது யாருக்கும் தெரிந்த கை எதுவும் இல்லை. திரவியம் திரும்பி வந்து பென்சிலை எடுத்தார். மைமூனும் வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அவளால் எழுத முடிந்தது.

"போர்வை முடிஞ்சுது" என்றார் திரவியம். "ஆள் விட்டுப்போகல. வரவேண்டியவுக அம்புட்டுப் பேரும் வந்துட்டாக."

ஊருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் புரிந்தது மண்வீட்டாருக்கு. அவர்கள் எழுந்து வந்து போர்வையை ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் ஒரு மாதம் என்று முறைவைத்துக்கொள்வதாகப் பேசிக்கொண்டார்கள். யாரும் பவுன்தாயைத் திட்டவில்லை. தெரசம்மாள் மட்டும் போகிறபோது நின்று, ஊர் தெரியாமல் தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்ட ஆளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தாள். பிறகு அவளும் போய்விட்டாள். பவுன்தாய் கையில் பச்சையும் பழுப்புமான ஒரு துண்டுத்துணியோடு நின்றாள்.

சீனியம்மாளுக்குப் புரிந்தபோது அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப எம்புள்ள மண்ணுக்குள்ள இல்லையா?"

"இல்ல அத்தை."

"உசுரோட இருக்கானா?"

"இருக்காரு அத்தை."

கிழவி கூடத்தைவிட்டு மழைக்குள் இறங்கி ஓடினாள். எழுபது வயசில், பத்து நாள் பட்டினி கிடந்த உடம்போடு, லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டி, எம்புள்ள சாகல, எம்புள்ள சாகல என்று சொல்லிக்கொண்டு போனாள். கல்வெட்டுகிற ஆளிடம் போய், உளியை எடுத்துக்கொண்டு வா, கடைசிப் பேரை அழிக்கணும் என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், மூன்று வருஷமாக ஏன் வரவில்லை என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் ஈரக்கொம்பைக்காரர்கள் நல்லவர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிழவி அடுப்பில் பெரிய பானையை ஏற்றினாள். மூன்று பேருக்கு அரிசி போட்டாள். வீட்டில் குங்குமம் இல்லை என்று நினைவுவந்து, எதிர்வீட்டில் போய் ஒரு சிட்டிகை வாங்கிவந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த மருமகளின் முகத்தை ஒரு கையால் நிமிர்த்தி, மறுகையால் நெற்றியில் அழுத்தி வைத்துவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தாள்.

மண் இறங்கிய நாளிலிருந்து பவுன்தாய் எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள். எல்லாம் ஊரோடு சேர்ந்து அழுதது. இப்போது ஒரு சத்தம் வந்தது, அவளுக்கே அது தன் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்று தெரியவில்லை. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. மடங்கித் தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

சீனியம்மாள் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன்டி இப்புடி அழுகுற? அவன் என்ன செத்தா போனான்?"

"இல்ல அத்தை" என்றாள் பவுன்தாய்.